அழகைப் பற்றிய நூலை வாசகரிடம் கொண்டுசேர்ப்பது: ஓர் ஆசிரியரின் அனுபவம்

பெண்களின் அழகைப் பற்றித் தாம் எழுதிய முதல் நூல் அச்சாகி வந்துவிட்டதென்றும், அதை வாசகரிடம் கொண்டுசேர்க்க என்னென்ன செய்யலாம், எதையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்றும் ஒரு தோழி கேட்டிருக்கிறார். சருமப் பராமரிப்பு, கூந்தல் நலம், ஒப்பனைப் பொருள்களின் வரலாறு, உடல் குறித்த தாழ்வுணர்ச்சி ஆகியவை அவருடைய நூலில் இடம்பெற்றிருக்கின்றன. பதிப்பாளரோ சருமக் குறிப்புகளை மட்டும் முன்னிறுத்தினால் போதும் என்கிறாராம். இதே பொருளில் ஒரு நூலை எழுதி, அதை எடுத்துக்கொண்டு கூட்டங்களுக்கும் நேர்காணல்களுக்கும் சென்று வந்தவள் என்ற முறையில், நான் கண்டதையும் கற்றதையும் அவரிடமே பேசுவதுபோலச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகைப் பற்றிய நூலை விற்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த சுலபமான வழி ஒன்று உண்டு: வாசிப்பவரிடம் ஏதோ குறை இருக்கிறது என்று அவரை நம்பவைத்து, அந்தக் குறைக்கான தீர்வு இந்த நூலில் இருக்கிறது என்று சொல்வது. அழகுப் பொருள் விளம்பரங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இயங்குகின்றன. உங்கள் நூலில் தாழ்வுணர்ச்சியைப் பற்றி ஒரு பகுதி இருக்கும்போது, அதே தாழ்வுணர்ச்சியைத் தூண்டி நூலை விற்றால், எழுதியதை நீங்களே மறுத்ததாக ஆகிவிடும். குறையைச் சுட்டாமலும் இந்த நூலை விற்க முடியும் என்பதே என் அனுபவம். ஆனால் அட்டைப்படம் தொடங்கிக் கேள்வி நேரம் வரை ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு அந்தச் சுலப வழியை உங்கள் முன் வைப்பார். அதை அடையாளம் கண்டுகொள்வதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி.

அட்டைப்படம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும் என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஆனால் விளம்பரத் தட்டிகளுக்கும் சமூக ஊடகப் பதிவுகளுக்கும் புதிய படங்கள் தயாராகும் என்பதை மறந்துவிடாதீர்கள். வடிவமைப்பாளர்கள் கை பழக்கத்தில் முகத்தின் துளைகளையும் கண்ணோரச் சுருக்கங்களையும் கணினியில் அழித்துவிடுவார்கள். பிரான்சில் 2017 அக்டோபர் முதல், மாடல்களின் உடல் வடிவத்தை மாற்றிக் காட்டும் வணிகப் படங்களில் அவை திருத்தப்பட்டவை என்று குறிப்பிட வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. நார்வேயில் 2022 ஜூலை முதல், உடலின் வடிவத்தையோ அளவையோ சருமத்தையோ திருத்திய விளம்பரங்களுக்கு இத்தகைய அடையாளம் கட்டாயமாக்கப்பட்டது. அரசுகளே சட்டம் போடும் அளவுக்கு வளர்ந்துவிட்ட ஒரு சிக்கலைப் பற்றி எழுதும் நூலின் விளம்பரத்தில் திருத்திய முகம் இருப்பது சரியல்ல. படத்தில் யார் இருந்தாலும் அவருடைய முகத்தைத் தொடக் கூடாது என்று எழுத்து மூலமாகவே சொல்லிவிடுங்கள்.

பின்னட்டை வாசகமும் அறிமுகக் குறிப்பும் இன்னும் முக்கியமானவை, ஏனெனில் அவைதான் எல்லா இடங்களிலும் படியெடுக்கப்படும். 'ஏழே நாளில் பொலிவு' போன்ற ஒரு வரியை யாரேனும் நிச்சயம் முன்மொழிவார்கள். மேல்தோலின் அடியடுக்கில் பிறக்கும் செல் மேற்பரப்பை அடைந்து உதிர்வதற்கு இளவயதில் ஏறத்தாழ 4 வாரங்கள் ஆகும்; வயது ஏற ஏற இந்தக் காலம் நீளும். ஈரப்பதம் காக்கும் களிம்பு பூசினால் வறண்ட தோல் அன்றே மென்மையாகத் தெரியலாம் என்பது உண்மை. ஆனால் நிறத் திட்டுகள் மங்குவதும், பரு வந்துபோன இடத்தின் கருமை குறைவதும் வாரக் கணக்கிலும், சிலருக்கு மாதக் கணக்கிலும் நடப்பவை. ஆகவே ஏழு நாள் என்று அச்சிட்ட நூல், எட்டாம் நாள் தன் வாசகியை இழந்துவிடும். இதைப் பதிப்பாளரிடம் கொள்கையாகப் பேசினால் எடுபடாது, வணிகமாகப் பேசுங்கள். ஏமாந்த வாசகி அடுத்தவருக்கு நூலைப் பரிந்துரைக்க மாட்டார், பரிந்துரை இல்லாமல் இந்த வகை நூல் இரண்டாம் அச்சைக் காணாது என்று சொன்னால் அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். என் நூலுக்கும் அப்படித்தான் அந்த வாசகம் மாறியது.

அடுத்து வருவது அழகுப் பொருள் நிறுவனங்களின் அழைப்பு. வெளியீட்டு விழாவின் அரங்கச் செலவை நாங்கள் ஏற்கிறோம், வருகிறவர்களுக்கு எங்கள் களிம்பின் மாதிரிப் பொட்டலம் ஒன்றை நூலோடு சேர்த்துக் கொடுங்கள் என்பார்கள். முதல் நூல் எழுதியவருக்கு இது பெரிய உதவியாகத் தோன்றும். இந்த இடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் டேவிட் மெக்கானல் என்பவர் வீடு வீடாகச் சென்று புத்தகம் விற்றுவந்தார். பெண்கள் கதவைத் திறந்து பேச வேண்டும் என்பதற்காகச் சிறிய வாசனைத் திரவியக் குப்பிகளை இலவசமாகக் கொடுத்தார். புத்தகத்தைவிட அந்தக் குப்பிகளுக்கே வரவேற்பு அதிகம் என்று கண்டதும், புத்தக வியாபாரத்தை விட்டுவிட்டு 1886-இல் நியூயார்க்கில் கலிபோர்னியா பெர்ஃப்யூம் கம்பெனி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் உலகம் முழுவதும் ஏவான் என்று பெயர் பெற்றது அந்த நிறுவனமே. இலவசமாகக் கொடுத்த பொருள் புத்தகத்தை முழுவதுமாக விழுங்கிவிட்ட கதை இது. மாதிரிப் பொட்டலத்தோடு நூலைக் கொடுத்தால், கூட்டம் கலைந்து செல்லும்போது மக்கள் பொட்டலத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போவார்கள். அதைவிடப் பெரிய இழப்பு, அந்த நிறுவனம் தயாரிக்கும் வகைப் பொருளைப் பற்றி மேடையில் ஒருவர் கேள்வி கேட்டால் உங்களால் தயக்கமின்றிப் பதில் சொல்ல முடியாது. நான் இத்தகைய அழைப்புகளை மரியாதையாக மறுத்துவிட்டேன். சிறிய அரங்கில், தேநீர் மட்டும் கொடுத்து நடந்த கூட்டங்களில்தான் உரையாடல் ஆழமாக நிகழ்ந்தது. வேறு வழியின்றி எவரிடமேனும் உதவி பெற நேர்ந்தால், பெற்றதை மேடையிலேயே சொல்லிவிடுங்கள். கேட்பவர்கள் அதை மதிக்கிறார்கள்.

நேர்காணல்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்லும். தொகுப்பாளர் நூலைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "எங்கள் நேயர்களுக்கு ஐந்து அழகுக் குறிப்புகள் சொல்லுங்கள்" என்று தொடங்குவார். இதற்காக மனம் வருந்த வேண்டியதில்லை, அவருக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்காமல், உண்மையிலேயே பயன்படும் ஒரு செய்தியைச் சொல்லி, அதன் வழியாக நூலுக்குள் அழைத்துச் செல்லுங்கள். எனக்குக் கைகொடுத்தது சன்ஸ்கிரீன் பற்றிய செய்தி. எஸ்பிஎஃப் என்பது அதன் பாதுகாப்புத் திறனைக் காட்டும் எண். எஸ்பிஎஃப் 15 தோலைச் சிவக்கவைக்கும் புறஊதா பி கதிர்களில் ஏறத்தாழ 93 சதவீதத்தைத் தடுக்கிறது. எஸ்பிஎஃப் 30 ஏறத்தாழ 97 சதவீதம். எஸ்பிஎஃப் 50 ஏறத்தாழ 98 சதவீதம். எண் இரண்டு மடங்கானால் பாதுகாப்பும் இரண்டு மடங்காகும் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பைத் தரும். மேலும் ஆய்வகத்தில் இந்த எண்ணைக் கணக்கிடும்போது தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசுகிறார்கள். நாமோ வழக்கமாக அதில் பாதியைக்கூடப் பூசுவதில்லை. ஆகவே விலை உயர்ந்த பெரிய எண்ணை வாங்கிச் சிக்கனமாகப் பூசுவதைவிட, எஸ்பிஎஃப் 30 உள்ளதை வாங்கித் தாராளமாகப் பூசுவது மேல். இதைச் சொல்லி முடித்தவுடன், அழகுத் துறையில் எண்கள் எப்படிப் பேசப்படுகின்றன, நாம் அவற்றை எப்படிக் கேட்டுக்கொள்கிறோம் என்ற பெரிய பேச்சுக்கு எளிதாகப் போய்விடலாம். நேயருக்கும் கையில் ஒரு பயன் கிடைத்திருக்கும்.

நேர்காணலில் இன்னொரு கேள்வியும் தவறாமல் வரும்: இவ்வளவு பிரச்சினைகள் இருக்கும்போது அழகைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? கூட்டங்களில் இதையே மூத்தவர் ஒருவர் எழுந்து, அகத்தின் அழகு முகத்தில் தெரியும், பூச்சு எதற்கு என்று கேட்பார். இக்கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் நூலின் அடிப்படையையே இது தொடுகிறது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியக் கவிஞர் ஓவிட் பெண்களின் முகப்பூச்சுகளைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அதில் சுமார் 100 வரிகள் இன்றும் கிடைக்கின்றன. 12-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சலேர்னோ நகரில் பெண்கள் மருத்துவம் பற்றி எழுதப்பட்ட மூன்று நூல்களில் ஒன்று முழுக்க ஒப்பனை பற்றியது. அதை எழுதியவர் ஓர் ஆண் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெண்ணின் அழகைப் பற்றி நெடுங்காலமாக ஆண்களே அதிகம் எழுதியிருக்கிறார்கள். பெண் எழுதும்போதுதான் அது அற்பமான பொருளாகத் தோன்றுகிறது என்றால், அந்தத் தோற்றத்தைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். புற்றுநோய் சிகிச்சையில் முடியையும் புருவத்தையும் இழந்த பெண்களுக்கு ஒப்பனை கற்றுத்தரும் 'லுக் குட் ஃபீல் பெட்டர்' என்ற திட்டம் 1989-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டுப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. சிகிச்சைக்கு நடுவே கண்ணாடியில் தன்னைத் தன் பழைய தோற்றத்தில் பார்க்க விரும்பும் ஒரு பெண்ணிடம் பூச்சு எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அழகாகத் தெரிய வேண்டும் என்ற விருப்பம் மனித இயல்பு, அந்த விருப்பத்தைப் பயமுறுத்திப் பணமாக்குவதுதான் தவறு, இரண்டையும் பிரித்துக் காட்டவே இந்த நூல் என்று சொன்னால், கேள்வி கேட்டவர் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.

கேள்வி நேரம்தான் இந்த வகை நூலின் உயிர். ஆகவே அதைப் பற்றிச் சற்று அதிகமாக எழுதுகிறேன். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தால் பெண்கள் பெரும்பாலும் பேச மாட்டார்கள். தன் முகத்தைப் பற்றியோ உடலைப் பற்றியோ நூறு பேர் முன்னிலையில் கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். அதனால் உள்ளே வரும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து, பெயரில்லாமல் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். இந்தச் சிறு ஏற்பாடு கூட்டத்தின் தன்மையையே மாற்றிவிடும். பேசும்போது வரும் கேள்விகள் ஷாம்பூ பற்றியும் முகம் கழுவும் முறை பற்றியும் இருக்கும். தாளில் வரும் கேள்விகள், கணவர் என் எடையைக் கேலி செய்கிறார், என் தங்கை என்னைவிட அழகு என்று சிறு வயதிலிருந்தே சொல்லி வளர்த்தார்கள், நாற்பது வயதுக்குப் பிறகு என்னை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்ற வகையில் இருக்கும். இவற்றுக்கு மேடையிலிருந்து தீர்வு சொல்ல முயலாதீர்கள். கேள்வியை நிதானமாக வாசித்து, இதே போன்ற கேள்வி வேறு தாள்களிலும் இருக்கிறது என்று சொன்னாலே, எழுதியவருக்குத் தான் தனியாக இல்லை என்று தெரிந்துவிடுகிறது. மன அழுத்தம் ஆழமாக இருப்பதாகத் தோன்றினால் மனநல ஆலோசகரை அணுகலாம் என்று பொதுவாகச் சொல்லுங்கள். நாம் எழுத்தாளர்கள், மருத்துவர்கள் அல்லர் என்ற எல்லையைக் காப்பதும் வாசகருக்குச் செய்யும் மரியாதையே.

நிறத்தை வெளுப்பாக்குவது எப்படி என்ற கேள்வி எல்லாக் கூட்டங்களிலும் வந்தே தீரும். கேட்பவரைக் கண்டித்து, கறுப்பே அழகு என்று உடனே உரை நிகழ்த்திவிடத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நிறத்தின் பெயரால் அன்றாடம் காயப்படுபவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறார். முதலில் அவருடைய உடல்நலத்துக்குத் தேவையான உண்மையைச் சொல்லுங்கள். விரைவாக வெளுப்பாக்குவதாகச் சொல்லி விற்கப்படும் சில களிம்புகளில் பாதரச உப்புகள் கலக்கப்படுகின்றன. அவை தோலில் மெலனின் என்ற நிறமி உருவாவதைத் தடுப்பதால் நிறம் குறைந்ததுபோல் தெரியும். ஆனால் பாதரசம் தோல் வழியாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும். பூசுபவரை மட்டுமன்றி, அவரைத் தொட்டுப் புழங்கும் குழந்தைகளையும் பாதிக்கக்கூடும். 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்த, பாதரசம் குறித்த பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களை முதலில் தடை செய்தது. 2023-இல் கூடிய மாநாட்டில் அந்த வரம்பையும் நீக்கி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதுவுமே கூடாது என்று முடிவெடுத்தார்கள். வேறு சில களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டுகள் கலந்திருக்கும். மருத்துவர் மேற்பார்வையின்றி மாதக் கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரியத் தொடங்கும். உட்பொருள் பட்டியல் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள் என்ற ஒரு வரியை மட்டும் அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றாலும் கூட்டம் நடத்தியதற்குப் பயன் உண்டு. இதையெல்லாம் சொன்ன பிறகு, யார் இந்த நிறத்தை அழகல்ல என்று நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு வந்தால், அரங்கம் முழுவதும் உங்களோடு சேர்ந்து யோசிக்கும்.

தலைமுடி உதிர்வது பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்வது எளிது, பலன் பெரிது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். பிரசவத்துக்கோ கடுமையான காய்ச்சலுக்கோ பிறகு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிர்வது பெரும்பாலும் தற்காலிகமானது. இந்தச் சிறு செய்திகள் பலருடைய தூக்கத்தை மீட்டுத் தருவதை நான் கண்டிருக்கிறேன். குழந்தை பிறந்த சில மாதங்களில் தனக்கு வழுக்கை விழப்போகிறது என்று அஞ்சிக்கொண்டிருந்த ஓர் இளம் தாய், இதைக் கேட்ட பிறகு தனக்கும் தன் தோழிக்குமாக இரண்டு பிரதிகள் வாங்கிச் சென்றார். பயத்தைப் போக்குவதாலும் நூல் விற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

வரலாற்றுப் பகுதியைப் பதிப்பாளர் ஒதுக்கச் சொல்கிறார் என்றீர்கள். என் அனுபவம் நேர்மாறானது. கூட்டத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்கூட நிமிர்ந்து கேட்பது அந்தப் பகுதியைத்தான். 1930-களில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற பெயரில் இமைகளுக்கும் புருவங்களுக்கும் பூசும் சாயம் ஒன்று விற்கப்பட்டது. அதைப் பூசிய பெண்கள் சிலர் பார்வையை இழந்தார்கள், ஒருவர் உயிரிழந்தார். அன்றைய சட்டத்தில் அழகுப் பொருள்களுக்கு இடமே இல்லாததால் அரசால் அதைச் சந்தையிலிருந்து அகற்ற முடியவில்லை. 1938-இல் அமெரிக்காவில் வந்த உணவு, மருந்து, அழகுப் பொருள் சட்டத்துக்குப் பின்னாலிருந்த காரணங்களில் இதுவும் ஒன்று. அந்தச் சாயத்தில் இருந்த பாராஃபினைலின்டையமின் என்ற வேதிப்பொருள்தான் இன்றும் பெரும்பாலான நிரந்தரத் தலைச்சாயங்களில் சேர்க்கப்படுகிறது. ஆகவே சாயம் பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பே காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது தடவிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும், தலைச்சாயத்தை ஒருபோதும் இமையிலும் புருவத்திலும் பூசக் கூடாது என்றும் சொல்லும்போது, டப்பாவின் மேல் அச்சிட்டிருந்தும் இதுவரை வாசிக்காத எச்சரிக்கைக்கு அவர்கள் மனத்தில் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. வரலாற்றைத் தனியே சொன்னால் பாடமாகிவிடும், குறிப்பைத் தனியே சொன்னால் மறந்துபோகும். இரண்டையும் இணைத்துச் சொல்லும் வாய்ப்பு உங்கள் நூலில் இருக்கிறது என்பதைப் பதிப்பாளருக்கு ஒரு கூட்டத்தில் நேரில் காட்டிவிட்டால் போதும்.

கல்லூரி மாணவியரிடம் பேசும்போது முறை வேறு. அவர்கள் அழகுக் குறிப்புகளை நம்மைவிட அதிகம் அறிந்தவர்கள். அவர்களிடம் நான் பிஜித் தீவுகளில் நடந்த ஆய்வைப் பற்றிப் பேசுவேன். அங்கே நட்ரோகா என்ற பகுதிக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. அது வந்த புதிதிலும், மூன்று ஆண்டுகள் கழித்து 1998-இலும் பள்ளி மாணவியரிடம் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் உணவுப் பழக்கம் குறித்துக் கேட்டறிந்தார்கள். எடையைக் குறைப்பதற்காகத் தானே வாந்தியெடுக்கும் வழக்கம் முதலில் ஒருவரிடமும் இல்லை. மூன்று ஆண்டுகளில் அது 11.3 சதவீதமாகியிருந்தது. நல்ல பருத்த உடல்வாகைப் பாராட்டி வந்த ஒரு சமூகத்தில் இது நடந்தது. ஆய்வு செய்யப்பட்டவர்களின் எண்ணிக்கை சிறியது என்பதையும், தொலைக்காட்சியோடு சேர்ந்து வேறு மாற்றங்களும் அங்கே வந்துகொண்டிருந்தன என்பதையும் நான் மறைக்காமல் சொல்வேன். மாணவியர் அந்த நேர்மையைக் கவனிக்கிறார்கள். அதன் பிறகு அவரவர் கைபேசியில் யார் யாரைப் பின்தொடர்கிறார்கள், அந்தப் பக்கங்களைப் பார்த்து முடித்தவுடன் எப்படி உணர்கிறார்கள் என்று அவர்களே பேசத் தொடங்கிவிடுவார்கள். நாம் அருகிலிருந்து கேட்டால் போதும். தாய்மாரும் உடன் வந்திருந்தால், மகள் காதில் விழும்படி தன் உடலைத் தானே பழித்துப் பேசுவதை நிறுத்த வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

புள்ளிவிவரங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அழகைப் பற்றி 1990-இல் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்ட ஓர் ஆங்கில நூலின் முதல் பதிப்பில், அனோரெக்சியா என்ற உணவு மறுப்பு நோயால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் 1,50,000 பெண்கள் இறப்பதாக அச்சாகியிருந்தது. உண்மையில் அது அந்த நோய்க்கு ஆளானவர்களின் மதிப்பீட்டு எண்ணிக்கை, இறந்தவர்களின் எண்ணிக்கை அன்று. பிந்தைய பதிப்புகளில் திருத்தப்பட்டது. இருந்தும், அந்த நூல் சொன்ன பல நல்ல செய்திகளைப் புறந்தள்ள விரும்புகிறவர்கள் அந்த ஒரு எண்ணையே இன்றுவரை சுட்டிக்காட்டுகிறார்கள். ஆகவே பிரசாரத்துக்குக் கிளம்பும் முன், நீங்கள் வாயால் சொல்லப்போகும் ஒவ்வோர் எண்ணுக்கும் மூல ஆய்வை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். இரண்டாம் கை மேற்கோளை நம்பி மேடையேறாதீர்கள்.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. அழகைப் பற்றிப் பேச வரும் பெண்ணின் முகமும் கூந்தலும் உடையும் அவர் பேசத் தொடங்கும் முன்பே மதிப்பிடப்படும். தோல் பளபளப்பாக இருந்தால் இவருக்கென்ன, பிறவியிலேயே அமைந்துவிட்டது என்பார்கள். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் முதலில் இவர் தன்னைக் கவனிக்கட்டும் என்பார்கள். நேர்காணல் காணொளிகளின் கீழே வரும் கருத்துகளில் நூலைப் பற்றியதைவிட ஆசிரியரின் தோற்றத்தைப் பற்றியதே அதிகம் இருக்கும். இது வலிக்கும், வலிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்றாடம் எப்படி வெளியே செல்கிறீர்களோ அப்படியே மேடைக்கும் செல்லுங்கள். பிரசாரத்துக்கென்று புதிய தோற்றம் ஒன்றை உருவாக்கிக்கொண்டால் அதைக் கடைசிக் கூட்டம் வரை சுமக்க வேண்டியிருக்கும். தோற்றம் பற்றிய கேள்வி நேரடியாக வந்தால், நூலில் நான் எழுதியிருப்பதும் இந்தக் கேள்வியைப் பற்றித்தான் என்று சொல்லி, உரிய பகுதியை எடுத்து ஒரு பத்தி வாசித்துவிடுங்கள். கருத்துப் பகுதியை நீங்கள் படிக்காமல், நம்பிக்கையான ஒருவரைப் படிக்கச் சொல்லி, உண்மையான கேள்விகளை மட்டும் பெற்றுக்கொள்வதும் நல்லது.

மதிப்புரைகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலக்கிய இதழ்கள் இந்தப் பொருளைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. மகளிர் பக்கங்களோ குறிப்புகளை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு நூலின் பெயரைக் கடைசி வரியில் சேர்க்கும். எனவே மதிப்புரைப் பிரதிகளைத் தோல் மருத்துவர்கள், செவிலியர், ஒப்பனைக் கலைஞர்கள், நூலகர்கள், கல்லூரிப் பேராசிரியைகள் ஆகியோருக்கு அனுப்புங்கள். அவர்களில் ஒரு தோல் மருத்துவர் உங்கள் சருமப் பகுதியைப் படித்து எழுதும் நான்கு வரிகள், புகழ்பெற்றவர் படிக்காமல் எழுதும் நான்கு பக்கங்களைவிட உதவும். அழகு நிலையங்களை அலட்சியப்படுத்த வேண்டாம். காத்திருக்கும் நாற்காலியில் ஒரு பிரதி கிடந்தால் ஒரே நாளில் பலர் புரட்டுவார்கள். அங்கே பணிபுரியும் பெண்கள் வேதிப்பொருள்களோடு நாள் முழுவதும் புழங்குகிறவர்கள் என்பதால், தங்கள் கைகளுக்கு எது பாதுகாப்பு என்று மிகக் கூர்மையான கேள்விகளைக் கேட்பார்கள். கையுறை, காற்றோட்டம் ஆகியவை பற்றிய ஒரு பகுதி என் நூலில் சேர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அவர்களிடம் பேசிய பிறகுதான். நூலகத்தில் பிரதி இருந்தால் விற்பனை குறையும் என்ற அச்சமும் தேவையற்றது. இரவல் வாங்கிப் படித்தவர்கள் மகளுக்குக் கொடுப்பதற்கென்று தேடி வந்து வாங்கியிருக்கிறார்கள்.

கேள்விப் பெட்டியில் விழும் தாள்களை எறிந்துவிடாமல், எழுதியவர் யாரென்று அறிய முயலாமல், பொருள்வாரியாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களில் ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் வருவதைக் காண்பீர்கள். எதை நூலில் தெளிவாக எழுதவில்லை, எதை விட்டுவிட்டீர்கள் என்பதை அந்தக் கட்டுகளே காட்டிக்கொடுக்கும். மறு அச்சுக்கு அனுப்புவதற்கு முன் திருத்தங்களுக்கும் சேர்க்கைகளுக்கும் எத்தனை பக்கங்கள் அனுமதிக்க முடியும் என்று பதிப்பாளரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் முதல் அச்சு தீரும் நேரத்தில் அவர்கள் அவசரப்படுவார்கள்.